வடக்கு வளைப்பு

பன்னிரண்டு மணிச் செய்தி அன்று ஒலிக்கவில்லை. மெரில் அதை உடனே கவனிக்கவில்லை. உப்பில் ஊறிய மாட்டிறைச்சியை மெல்லிசாக அரிந்து ரொட்டிக்கு நடுவே அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே காலையிலிருந்தே மேற்குக் காற்று செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஜன்னலை இறுக்கிச் சாத்தியும் மேசைமேல் விரலால் பெயர் எழுதலாம்போல் மண் படிந்திருந்தது. எதிரே, பண்ணை மரங்களை அளக்க வரும் ஷார்லீன் தன் அளவுத் தாள்களைப் பரப்பி, பறந்துவிடாமல் ஊறுகாய்ப் புட்டியையும் சர்க்கரை டப்பாவையும் அவற்றின்மேல் வைத்திருந்தாள். இறைச்சித் தட்டை மேசையில் வைத்தபோதுதான் மெரிலுக்கு உறைத்தது. வானொலி பேசவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபத்தைந்து.

அவளுடைய அப்பா வில்ஃப் எழுபத்தெட்டு வயதுக்காரர். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பின்வாசல் வழியாக வருவார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். வானொலியைத் திருகிவிட்டு ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். செய்தி முடிந்து மாட்டுச் சந்தை விலைகளும் முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் யாரும் பேசக் கூடாது. அம்மா செத்த வாரத்திலும் அந்த விரல் உயர்ந்தது. மெரிலின் கணவன் சுரங்க வேலைக்கென்று கிளம்பிப் போய்த் திரும்பி வராமலே இருந்துவிட்ட வருஷத்திலும் உயர்ந்தது.

"உங்கப்பா இன்னிக்கு எந்தப் பக்கம் போனாரு?" என்று ஷார்லீன் கேட்டாள்.

"வடக்கு வளைப்பு. தொட்டியில தண்ணி வருதான்னு பாக்கணும்னாரு."

"நேத்தும் அதைத்தானே சொன்னாரு?"

மெரில் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். நேற்றும் அதைத்தான் சொன்னார். போன வாரமும் அதையேதான் சொன்னார். ஒரு தொட்டியை வாரத்தில் நாலு நாள் பார்க்க என்ன இருக்கிறது என்று அவள் ஒருமுறைகூட யோசித்ததில்லை. அந்த வயதில் ஒரு மனிதருக்குப் போய்வர ஓர் இடம் வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

பர்க் நகரத்துக்கு வடக்கே, குவீன்ஸ்லாந்து எல்லையை ஒட்டிய முல்கா மரப் பூமி அது. வேலி போட்டு வளைத்த மேய்ச்சல் நிலங்களில் வடக்கு வளைப்பு மட்டும் நாலாயிரம் ஹெக்டேர். வில்ஃபின் அப்பா இரண்டு புல்டோசர்களுக்கு நடுவே கப்பல் சங்கிலியைக் கட்டி இழுத்து அங்கிருந்த முல்கா மரங்களையெல்லாம் சாய்த்தார். முளைத்ததை வில்ஃப் மறுபடி சாய்த்தார். ஆட்டுக்கும் மாட்டுக்கும் புல் வேண்டுமே. பிறகு வந்த பஞ்சத்தில் புல்லும் இல்லை, மாடும் இல்லை. பாதி மாட்டைச் சுட்டுக் குழியில் தள்ளிய ஆண்டு மெரில்தான் அந்தத் திட்டத்தைக் கண்டுபிடித்தாள். வளைப்பில் மாட்டைக் குறைத்து, காட்டு ஆடுகளைப் பிடித்து விற்று, மரத்தை அதன்போக்கில் வளரவிட வேண்டும். காற்றிலிருக்கும் கரியை மரம் இழுத்துத் தன் உடம்பில் வைத்துக்கொள்ளும். அப்படி வைத்துக்கொண்டதை அளந்து பார்த்து அரசாங்கம் காசு கொடுக்கும். நூறு வருஷத்துக்கு அதில் கோடாலி படக் கூடாது. வில்ஃப் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, "மரத்தைத் தள்ளுனா எங்கப்பனுக்கு வரியைக் குறைச்சாங்க. தள்ளாம கையைக் கட்டிக்கிட்டு நிக்க எனக்குக் காசு தர்றாங்க. நான் எந்த வேலையை உருப்படியாச் செஞ்சேன்னே தெரியலையே" என்றார். அதன்பிறகு இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. திட்டம் பண்ணையைக் காப்பாற்றியது. அது அவருக்கும் தெரியும்.

ஒன்றரை மணிக்கு மெரில் வண்டியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. அவருடைய நாலு சக்கர பைக்கைக் காணோம். தடம் ஏதாவது இருந்திருந்தால் காற்று அதை எப்போதோ வழித்துத் துடைத்துவிட்டிருந்தது. ஹாரனை அழுத்தினாள். இறங்கி, "அப்பா" என்று கத்தினாள். காற்று அந்தச் சத்தத்தை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. மரங்களுக்குள் இருநூறு முந்நூறு அடி நடந்திருப்பாள். திரும்பிப் பார்த்தால் வண்டி இல்லை.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறந்த மண்ணில், வேலிக்குள், ஒரு வெள்ளை வண்டியைத் தொலைப்பதாவது. வலப்பக்கம் நடந்தாள். பிறகு இடப்பக்கம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வளர்ந்த சாம்பல் பச்சை மரங்கள், தொடை பருமன் ஒன்று, மணிக்கட்டுப் பருமன் ஒன்று. தூசிக்குள் சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் துருப்பிடித்த நிறத்தில் வந்தது. பத்து நிமிடம் அலைந்து, வண்டியின் கதவில் கிட்டத்தட்ட முட்டிக்கொண்ட பிறகுதான் நின்றாள். பன்னிரண்டு வருஷமாக இந்தக் காட்டை அவள் வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டியிருக்கிறாள், கணினித் திரையில். வானத்திலிருந்து எடுத்த படங்கள் அவை, ஆண்டுக்கு ஆண்டு பழுப்பு குறைந்து பச்சை கூடிக்கொண்டே வரும். ஆனால் உள்ளே நடந்ததில்லை. அது அவளுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

போலீஸ்காரர்கள் இருவர் மாலையில் வந்தார்கள். அவசர உதவித் தொண்டர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். காற்று அடங்காமல் விமானமோ ஹெலிகாப்டரோ கிளம்பாது என்று சார்ஜெண்ட் சொன்னார். இருட்டும்வரை பாதையோரமாக ஹாரன் அடித்துக்கொண்டே போய்வந்தார்கள். அன்றிரவு யாரும் தூங்கவில்லை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் விடிந்ததும் நெவில் தன் புல்டோசரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்துப் பண்ணைக்காரர், வில்ஃபுக்கு ஐம்பது வருஷச் சிநேகிதர். மரத்துக்குக் காசு வாங்கும் இந்த ஏற்பாட்டைக் கேலி பண்ணாமல் அவர் ஒரு கோப்பை பீர் குடித்ததில்லை. அன்று கேலி இல்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் தட்டிக்கொண்டே நின்றார்.

"மெரில், நான் சொல்றதக் கேளு. உள்ள போனா எனக்கே எம் மூக்கு தெரியல. அரைக் கிலோமீட்டருக்கு ஒண்ணா நாலு சந்து போட்டுத் தரேன். வண்டி போற மாதிரி. நடுவுல ஆளை நிறுத்தி அரிச்சுப் பாத்துடலாம். உன் பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும். நீ வேணாம்னா நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

மெரில் யோசிக்கக்கூட இல்லை. "தள்ளுங்க" என்றாள். சொன்ன வேகத்தைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். பன்னிரண்டு வருஷம் காத்த மரங்கள். ஒவ்வொரு மழைக்கும் கணக்காக எட்டிப் பார்த்து, காட்டு ஆடு புகுந்தால் ராத்திரியென்றும் பாராமல் வேலியோரம் ஓடி விரட்டி, வளர்த்தவை. அவற்றை விட்டுக்கொடுக்க ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

நெவில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். புகைக்குழாயின் மூடி படபடத்தது. ஷார்லீன் நடந்துபோய் இரும்புத் தகட்டுக்கு முன்னால் நின்றுகொண்டாள். முப்பத்தைந்து வயது, குட்டையான பெண். அவளுடைய தாத்தா இதே பண்ணையில் ஆடு ஓட்டியவர். அதற்கும் முன்னால் இது அவர்களுடைய நிலம். மெரிலும் அவளும் ஆறு வருஷமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், அதைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

"தள்ளும்மா அந்தப் பக்கம்!" என்று நெவில் கத்தினார்.

"படுத்திருந்தாருன்னா?"

"என்னது?"

"அவரு எங்கயாவது மரத்தடியில படுத்திருந்தாருன்னா? அங்கேருந்து உங்களுக்கு இந்தத் தகட்டுக்கு முன்னாடி என்ன தெரியும்?"

எஞ்சின் சற்றுநேரம் அப்படியே உறுமிக்கொண்டிருந்தது. பிறகு நெவில் சாவியைத் திருகி அணைத்தார். இறங்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, தூசிக்குள் எதையோ பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். மெரில் தொட்டியோரமாகப் போய் முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டாள். தள்ளு என்று சொன்னது அவளுடைய வாய்தான். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால்.

ஷார்லீன் சொன்ன வழியில்தான் பிறகு தேடினார்கள். மரங்களை அளப்பதற்காக வளைப்பு முழுக்க அவள் முப்பத்திரண்டு இடங்களில் இரும்புக் கம்பி அடித்து இளஞ்சிவப்பு நாடா கட்டியிருந்தாள். ஒவ்வொரு கம்பியும் எங்கே நிற்கிறது என்று அவள் கையிலிருந்த, இடம் காட்டும் கருவிக்குத் தெரியும். ஆட்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு, கூப்பிட்டுக்கொண்டே நடக்க வைத்தாள். மெரிலைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். வில்ஃப் ஷார்லீனைத் தையல்காரி என்றுதான் கூப்பிடுவார். "என்ன தையல்காரி, இத்தனை வருஷமா மரத்துக்கு இடுப்பளவு எடுக்கறியே, கால்சட்டை எப்பத்தான் தைப்ப?" என்பார். "துணி உங்க மக வாங்கித் தரணும்ல" என்று அவளும் விடமாட்டாள். அதை நினைத்தபடி மெரில் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மரத்துப் பட்டை உரசி இருவர் கையும் கீறிப்போயிருந்தது. அங்கங்கே நின்று "வில்ஃப்" என்று ஷார்லீனும் "அப்பா" என்று மெரிலும் கத்தினார்கள். ஒரு கங்காரு பதறி எழுந்து ஓடியது. அந்தச் சத்தத்துக்கு இருவரும் ஒருசேரத் திரும்பினார்கள்.

பதினான்காவது கம்பி நின்ற இடத்தில் மரம் இல்லை.

ஷார்லீன் கருவியைப் பார்த்தாள், நிமிர்ந்தாள், மறுபடி கருவியைப் பார்த்தாள். கம்பி நின்றது, நாடா காற்றில் துடித்தது. ஆனால் அதைச் சுற்றி இருக்க வேண்டிய மரங்கள் இடுப்பொடிந்து தரையில் கிடந்தன. இங்கே மட்டுமல்ல. இடப்பக்கமும் வலப்பக்கமும், தூசி மறைக்கிற வரைக்கும், நாலைந்து அடி அகலத்துக்கு ஒரு சந்து. அதில் முழங்கால் உயரத்தில் வெட்டுக்கட்டைகள் வரிசையாக நின்றன. சாய்ந்த மரங்களை இழுத்து இரு ஓரங்களிலும் சீராக அடுக்கியிருந்தார்கள். இலைகளை மாடுகள் வந்து மேய்ந்துவிட்டுப் போயிருந்தன. சாணம் காய்ந்து கிடந்தது.

"யாரு இது?" என்றாள் மெரில். அவளுக்கு அப்பாவே ஒரு கணம் மறந்துபோனார். யாரோ வேலி தாண்டி வந்து வெட்டியிருக்கிறார்கள். விறகுக்கா, வஞ்சத்துக்கா? ரத்தம் தலைக்கு ஏறியது. "எத்தனை நாளா நடக்குது இது? எவன் இதைச் செஞ்சது?"

ஷார்லீன் குத்துக்காலிட்டு ஒரு கட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரம்பம் இல்ல, கோடாலி" என்றாள். பிறகு அடுத்த கட்டைக்குப் போனாள். அடுத்ததற்கும். எழுந்திருக்காமலே, மெரிலின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "உங்கப்பாவுக்கு இடது கைப் பழக்கம்தானே?"

வெட்டு எல்லாக் கட்டையிலும் ஒரே பக்கமிருந்து சரிந்து இறங்கியிருந்தது. வீட்டுக் கொல்லையில் விறகு பிளக்கும்போது மெரில் சின்ன வயதிலிருந்து பார்த்த சரிவு. மெரில் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தொட்டியில் தண்ணீர் பார்க்கணும். வேலி ஒண்ணு தொய்ஞ்சிருக்கு. காலையில் போய், பன்னிரண்டுக்குள் திரும்பி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வானொலியைத் திருகி, விரலைத் தூக்கி. அந்த விரலுக்குக் கட்டுப்பட்டு அவளும் வாயைப் பொத்திக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறாள். கொஞ்ச நாளாகக் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது ஏன் என்று இப்போது தெரிந்தது. முல்கா பிசின் அப்படி லேசில் போகாது.

"ஆயிரம் மரம் இருக்கும்" என்றாள், யாருக்கோ சொல்வதுபோல்.

"மேலயே இருக்கும்."

"என்னைக் கேட்டிருக்கலாமே. பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பன்னெண்டு வருஷமா ஒரே மேசையில சாப்பிடுறோம்."

ஷார்லீன் கையை நீட்டி அவளைத் தூக்கிவிட்டாள். "அவரைத் திட்டணும்னா மொதல்ல அவரு கெடைக்கணும், மெரில். எந்திரிங்க. இந்தப் பக்கம் இலை காஞ்சு உதிர்ந்திருக்கு. அந்தப் பக்கம் கெடக்கறது இன்னும் பச்சையா இருக்கு. பச்சை இருக்கற பக்கம் போவோம்."

சந்தில் நடப்பது சுலபமாக இருந்தது. அதுவே மெரிலுக்கு எரிச்சலாக இருந்தது. பொழுதெல்லாம் புதருக்குள் கிழிபட்ட பிறகு காலுக்கு ஒரு வழி கிடைத்ததில் உடம்புக்கு வந்த நிம்மதியை அவள் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. போகப்போக இலை பச்சையாயிற்று. வெட்டிய இடத்தில் பிசின் இன்னும் ஒட்டியது. முக்கால் மணி நேரம் நடந்திருப்பார்கள், சந்து ஒரு மரச் சுவரில் முட்டி நின்றது. கடைசி மரத்தில் கோடாலி பாதி ஏறி அப்படியே நின்றிருந்தது. பக்கத்தில் பைக். முன்சக்கரம் தட்டையாக மண்ணில் அமர்ந்திருக்க, வெட்டுக்கட்டையின் சிராய் ஒன்று டயரில் விரல் நீளத்துக்கு ஏறியிருந்தது. தண்ணீர்க் குடுவையைக் காணோம். அந்த மட்டும் நல்லது.

ஷார்லீன் கருவியைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். வந்த வழியைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மெரில் பைக்குக்கு அப்பால், காற்றுப் படாத ஒரு மரத்தடியில், பூட்ஸ் தடத்தைக் கண்டுவிட்டாள். ஒன்று. நாலடி தள்ளி இன்னொன்று. "ஷார்லீன்!" என்று கத்தியபடி ஓடினாள்.

அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தாண்டி அவரைக் கண்டார்கள். புள்ளிப் புள்ளிப் பட்டை கொண்ட பெரிய மரம் ஒன்றின் அடியில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். சங்கிலிக்குத் தப்பிய பழைய மரம். பூட்ஸைக் கழற்றி ஜோடியாகப் பக்கத்தில் வைத்திருந்தார், உள்ளே காலுறையைச் சுருட்டிவைத்து, வீட்டு வாசலில் வைப்பதுபோல. முகம் முழுக்கச் செம்மண். அதில் கண் இருக்கும் இடம் மட்டும் ஈரமாக இருந்தது. செத்துவிட்டார் என்றுதான் மெரில் நினைத்தாள். அந்த நினைப்பு முழுசாக வருவதற்குள் அந்தக் கண் அவள் பக்கம் திரும்பியது.

"வீட்டை எங்க நகத்தி வச்ச?" என்றார். குரல் தகரத்தில் ஆணி கீறினாற்போல இருந்தது.

மெரில் அவர் முன்னால் விழுந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அழவில்லை. ஷார்லீன் துணியை நனைத்து உதட்டில் வைத்து, பிறகு குடுவையின் மூடியால் ஒவ்வொரு மிடறாகத் தண்ணீர் கொடுத்தாள். இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியில் பேசி மற்றவர்களுக்கு இடத்தைச் சொன்னாள்.

"தையல்காரியா?" என்றார் வில்ஃப்.

"ஆமா. பேசாம குடிங்க."

"உன் கம்பி ஒண்ணு கிட்ட வெட்டிட்டேன். கம்பிய ஒண்ணும் பண்ணல."

"பாத்தேன்."

நாலாவது மூடித் தண்ணீருக்குப் பிறகு அவராகவே பேசினார். மெரிலிடம்தான், ஆனால் அவள் தலைக்கு மேலே மரங்களைப் பார்த்துக்கொண்டு. "போன வருஷம் மேட்டுல ஏறி நின்னேன். வடக்கு மேட்டுல. அங்கேருந்து பாத்தா வீடு தெரியும். எனக்கு ஆறு வயசுலேருந்து தெரியும். அன்னிக்கு வீட்டைக் காணோம். கூரை இல்ல, தண்ணித் தொட்டி இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் மரம். நான் அங்க எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. இங்க பாரு, மெரில், நான் எதுக்கும் பயந்தவன் இல்ல. உனக்குத் தெரியும்."

"தெரியும்ப்பா."

"அன்னிக்குப் பயந்துட்டேன்."

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், புதுசும் பழசும். வாரக்கணக்காக அந்தக் கை அவளிடம் உப்பை நகர்த்தியிருக்கிறது, ரொட்டியை நீட்டியிருக்கிறது. அவள் பார்க்கவில்லை.

"காடு இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "காட்டை நான் கொறை சொல்லல. நம்ம சாப்பிடுறது அதுலதான். ஒரே ஒரு சந்து. மேட்டுலேருந்து வீட்டுக்கு. நின்னா தெரியற மாதிரி. அவ்வளவுதான் நெனச்சேன். முக்கால்வாசி முடிச்சுட்டேன், இன்னும் ஒண்ணரை மைல் இருக்கும். டயர்ல குச்சி ஏறிடுச்சு. வந்த வழியே அத்தனை தூரம் எதுக்குச் சுத்தணும், நேரா முன்னால நடந்தா வீடுன்னு நடந்தேன். நடக்கறேன், நடக்கறேன், வீடு வரல."

ஷார்லீன் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். திருகி முடித்த பிறகும் திருகிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிவாக்கில் காற்று சட்டென்று நின்றது, யாரோ கதவைச் சாத்தினாற்போல. தூசி மெல்ல இறங்கி, வானம் கழுவிய தட்டுப்போல வெளியே வந்தது. வில்ஃபைத் தூக்குப்படுக்கையில் வைத்து ஆறு பேர் மாற்றி மாற்றிச் சுமந்து பாதைக்குக் கொண்டுவந்தார்கள். நெவில் கூடவே நடந்து, "எழுபது வருஷமா இருக்கற வீட்டுக்கு வழி தெரியல உனக்கு. மதுக்கடைக்கு மட்டும் கண்ணை மூடிக்கிட்டு வருவ" என்று பேசிக்கொண்டே வந்தார். பேசிக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார். விமான மருத்துவர்கள் ஐந்து மணிக்குப் பண்ணையின் மண் ஓடுதளத்தில் வந்து இறங்கினார்கள். சிறுநீரகம் பற்றித்தான் கவலை, மற்றபடி ஆள் கெட்டி என்றார் மருத்துவர். கூட ஒருவர் வரலாம் என்றார்.

மெரில் ஏறப் போகும்போது ஷார்லீன் பக்கத்தில் வந்தாள். அவள் கையில் அளவுத் தாள் இருந்தது. பதினான்காம் இடத்துக்கான தாள், இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

"அடுத்த வாரம் இதை அனுப்பியாகணும்" என்றாள்.

"எனக்குத் தெரியும்."

"இல்லாத மரத்தை இருக்குன்னு என்னால எழுத முடியாது, மெரில்."

"எழுதுன்னு நான் கேக்கல."

ஷார்லீன் தலையாட்டினாள். ஆனாலும் போகாமல் நின்றாள். "இன்னொண்ணும் இருக்கு" என்றாள். அதற்குள் விமானி கதவை மூட வேண்டும் என்று கை காட்டினார். "வந்து பேசிக்கலாம்" என்று பின்னால் நகர்ந்துவிட்டாள்.

வடக்கிலிருந்து லேசான காற்று கிளம்பியிருந்தது, அதனால் விமானம் வடக்கு நோக்கி எழும்பியது. வில்ஃப் வார்ப் பட்டைகளுக்குள் மல்லாந்து கிடந்தார், கையில் குழாய், முகம் துடைத்துச் சுத்தமாக. அவருக்குக் கூரையைத் தவிர எதுவும் தெரியாது. மெரில் ஜன்னலோரம் இருந்தாள். வளைப்பு அடியில் விரியத் தொடங்கியதும் அவர் அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"தெரியுதா?"

"என்னப்பா?"

"என் சந்து. மேலேருந்து பாத்தா தெரியணும்ல. பாரு."

அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். மாலை வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நிழலைக் கொடுத்திருந்தது. அவள் திரையில் பார்த்துப் பெருமைப்பட்ட பச்சை, இப்போது உயிரோடு, அடிவானம் வரை. முதலில் மேடு தெரிந்தது. பிறகு அதன் உச்சியிலிருந்து கிளம்பிய கோடு.

"தெரியுதுப்பா."

"நேரா இருக்கா?"

கிளம்பிய இடத்தில் அது நூல் பிடித்தாற்போல இருந்தது. ஒரு கிலோமீட்டர் வரை தெற்கே, வீட்டுக்கு, ஒரு முழம்கூடப் பிசகாமல். அதன்பிறகு மெல்ல, பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தெரியும் அளவுக்கு மெல்ல, கிழக்கே சாயத் தொடங்கியது. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே விரற்கடை அளவுதான் விலகியிருக்கும். ஆனால் அது விலகிக்கொண்டே போனது. பதினான்காம் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் அது முழுக்கக் கிழக்கே பார்த்தது. அதற்கப்புறமும் நிற்கவில்லை, வளைந்தது, இன்னும் வளைந்தது. கடைசியில், பைக் ஒரு கறுப்புப் புள்ளியாகக் கிடந்த நுனியில், அது கிளம்பிய மேட்டையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது.

வெகு தூரத்தில், வேறொரு பக்கத்தில், வீட்டுக் கூரை வெயிலில் ஒருமுறை பளிச்சிட்டது.

சட்டைக் கையை அவர் மறுபடி இழுத்தார். "மெரில். நேரா இருக்கா?"

விமானம் தெற்கே போகத் திரும்பிச் சாய்ந்தது. ஜன்னல் முழுக்கப் பூமி எழுந்து வந்தது, பச்சைக்கு நடுவே அந்த மெல்லிய செம்மண் வளைவும்.